ஜின்னிங் மில்லுக்குள் ஒரு மண்மேடு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ட்ரைபாட் பையைத் தோளில் மாட்டியதுமே, டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்: "என்னக்கா, எடம் அளக்க வந்தீகளா?"

இல்லை, படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"அப்படியா! நடிக்கிறது யாரு?"

யாரும் நடிக்கவில்லை, மூடிக் கிடக்கிற மில்லுகளைப் படம் எடுக்கிறேன் என்றதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அளக்கத்தான்" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் மூடிய மில்லுக்குப் பஞ்சமே இல்லை. பன்னிரண்டு வருடமாக அவற்றையும், பழைய ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், அச்சகம் என்று பூட்டிப்போட்ட எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு கண்காட்சிக்கு, வறண்ட பகுதிக் கட்டிடங்களின் இருபது படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பக்கம் வந்தேன். எனக்கு ஒரே ஒரு சட்டம்: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் வந்தால் பார்க்கிறவர் கண் ஆளிடம் போய்விடும், கட்டிடம் சும்மா நிற்கும். ஆள் போகிற வரைக்கும் அரைமணி நேரம் என்றாலும் காத்திருப்பேன். போகாவிட்டால், "கொஞ்சம் நகருங்க" என்பேன். இதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதே கிடையாது.

முதல் நாள் சனிக்கிழமை. ஆட்டோ ஓட்டி வந்தவர் சீனிவாசன். நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். பாளையம்பட்டி தாண்டி ஒரு நூற்பாலைக்குக் கூட்டிப்போனார். முன்கேட்டில் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன். உள்ளே விட மாட்டேன் என்றார். சரிங்க என்று பணிவாகத் திரும்பி, காம்பவுண்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். இடிந்த இடம் இல்லாத காம்பவுண்டுச் சுவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இங்கேயும் இருந்தது.

உள்ளே டைம் ஆபீஸில், தொழிலாளர் அட்டை செருகும் மரப்பலகை அப்படியே இருந்தது. எட்டுப் படம் எடுப்பதற்குள் நாய் குரைத்தது, பின்னாலேயே வாட்ச்மேனின் குரல் வந்தது. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கத்தினால் உடனே ஓட மாட்டோம். கடைசியாக ஒன்று எடுத்துவிட்டுத்தான் ஓடுவோம். எப்படியும் திட்டு விழப்போகிறது, ஒரு படமாவது மிஞ்சட்டுமே என்ற கணக்கு. அன்றும் அப்படியே எடுத்தேன். அந்தப் படம்தான் நன்றாக வந்திருந்தது.

திரும்பும் வழியில் சீனிவாசனுக்குப் போன் வந்தது. மனைவி போல. தெலுங்கில் பேசினார்: "செவுத்தைப் படம் எடுக்குறாங்க. ஆமா, வெறும் செவுறு. செத்தவங்களுக்கு நாடி பாக்குற டாக்டர் மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாங்க." எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஒன்றும் புரியாதவளாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய் பரோட்டா. மொறுமொறுவென்று அருமையாக இருந்தது. தண்ணீர்தான் உப்பு. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்லப்போய், பரிமாறியவர் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாலவனத்தம் பக்கம் ஒரு பழைய பெண்கள் ஹாஸ்டல். கன்னியாஸ்திரிகள் நடத்தி, பிள்ளைகள் குறைந்து, மூடிவிட்டார்கள். சாவி ஆரோக்கியமேரி என்பவரிடம் இருந்தது. அங்கே சமையல் செய்தவர். பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு நேராக வந்து திறந்துவிட்டார். இரும்புக் கட்டில்கள், துரு, ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில். எனக்குக் கை பரபரத்தது. சமையற்கட்டு வாசலில் கேமராவை வைத்தபோது அவர் நிலைக்குப் பக்கத்தில் போய், சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"கொஞ்சம் நகருங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "ஏன், ஆளு நிண்டா அசிங்கமா இருக்குமா?"

அப்படி இல்லீங்க, கட்டிடம் மட்டும்தான் எடுப்பேன் என்று விளக்கினேன். "பதினெட்டு வருசம் இந்த வாசல்லதான் நிண்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கிளம்பும்போது வந்து கதவைப் பூட்டினார், போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் படம் பிரமாதமாக வந்திருந்தது, அதனால் சீக்கிரம் மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை திருச்சுழிப் பக்கம். ரோட்டை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம். நடுவில் ஒரு ஜின்னிங் மில். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஆலை. மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. "செருப்போட வந்துட்டீகளே மேடம், முள்ளு ஏத்திரும்" என்றார் சீனிவாசன். நான் போட்டிருந்தது தடித்த தோல் செருப்பு, பித்தளை பக்கிள் வைத்தது, எங்கள் ஊரில் சொல்லிச் செய்தது. அதை எந்த முள்ளும் ஒன்றும் செய்யாது என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, முன்கேட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பின்சுவர் உடைசல் வழியாக உள்ளே போனேன்.

முதலில் கண்ணில் பட்டது, சுவரில் வரிசையாகத் தொங்கிய சிவப்பு வாளிகள். பஞ்சு இருக்கும் இடத்தில் தீ என்றால் எமன், அதனால் தீயணைக்க மாட்டி வைத்தவை. அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் சாய்ந்துவிடும், அதனால் வேறு வேலைக்கு யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். மேலே "பீடி பிடிக்காதே" என்று எழுதியிருந்தது. திரும்பும்போது படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தேன்.

நான் தேடி வந்தது உள்ளே இருந்தது. கூரை போன கொட்டகையில் ஜின் மெஷின்கள் ஒரே வரிசையில் நின்றன. ஆனால் ஜன்னல் உயரத்தில் இருந்ததால் கீழே நின்றால் பாதிதான் தெரிந்தது. ஜன்னலுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. சாம்பல் நிறத்தில் வெடித்துக் காய்ந்திருந்தது. அந்தப்பக்கம் எங்கோ புகை தெரிந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் வாடையும் வரவில்லை. மேட்டில் ஏறினேன்.

காலில் சூடு தட்டியது. மாசி வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு அடி ஏறியதும் மெஷின் வரிசை முழுதாகத் தெரிந்தது. ஒன்று எடுத்தேன், கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது.

"ஏய்! எறங்கு! எறங்குடீ!"

ஒரு பெண்ணின் குரல். வழக்கமான விரட்டல் என்றுதான் காதில் விழுந்தது. கடைசியாக ஒன்று எடுத்துவிடலாம் என்று, இறங்குவதற்குப் பதிலாக இன்னும் ஒரு அடி மேலே வைத்தேன்.

கால் உள்ளே போனது. அப்பளம் உடைவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே நெருப்பு பிடித்ததுபோல இருந்தது. அலறினேன். யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தார்கள். கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை. நானும் கேமராவும் உருண்டு கீழே விழுந்தோம்.

அது மண்மேடு அல்ல, கரிமூட்டம். கருவேல விறகை வட்டமாக அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண் பூசி மூடி, உள்ளே தீ வைத்திருக்கிறார்கள். மூச்சுவிட மட்டும் அடியில் சின்னத் துவாரம் வைத்து, நாள் கணக்கில் வேகவிட்டால் விறகு கரியாகும். வேறு எங்காவது பெரிதாகக் காற்றுப் புகுந்தால் மொத்தமும் எரிந்து சாம்பலாகிவிடும். நான் திறந்துவிட்டது அப்படி ஒரு வாசல். ஓட்டையிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது, உள்ளே செக்கச்செவேலென்று தெரிந்தது.

என்னை இழுத்துப் போட்டவர் பெயர் முத்துராக்கு. நாற்பது வயது இருக்கும், சேலைக்கு மேலே ஆண்சட்டை. விழுந்த என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏலே கருப்பையா! பச்சைக் கட்டைய எடுத்தா! தண்ணி, தண்ணி!" கொழுந்தன் கருப்பையா ஓடிவந்தார். டிரம்மில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. காய்ந்த மண்ணைப் போட்டால் சரிந்து உள்ளே போனது, குழைத்த மண்தான் நிற்கும்.

"தொட்டியில மழைத்தண்ணி கெடக்கு மதினி, கொண்டாரத்தான் ஒண்ணும் இல்ல. கொடம் ரெண்டுதான் இருக்கு" என்றார் கருப்பையா.

நான் நொண்டிக்கொண்டே போய்ச் சிவப்பு வாளிகளைக் கழற்றினேன். ஐந்தில் மூன்று அடியில் ஓட்டை. இரண்டு தேறின. என் அலறலைக் கேட்டு ஓடிவந்த சீனிவாசன் உடைசலில் திகைத்து நின்றார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்தம்மா அடுத்தவங்க கரிமூட்டத்தை ஒடச்சுட்டாங்க. ஊரு கூடுனா என்னையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்குவாங்க. விட்டுட்டு வந்துடவா?" அந்தப்பக்கம் என்ன பதில் வந்ததோ, போனைப் பைக்குள் போட்டார். பேண்டை மடித்துவிட்டு என் கையிலிருந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டார்.

அந்த வாளியைத் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். கீழே வைத்து ஒரு மூச்சு வாங்க முடியாது. வைத்தால் கவிழ்ந்துவிடும். தொட்டிக்கும் மூட்டத்துக்கும் எத்தனை நடை நடந்தோம் என்று தெரியவில்லை. முத்துராக்கு புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஓட்டையில் பச்சைக்கட்டையை நெருக்கிச் செருகி, தழை திணித்து, மண்ணை அப்பினார். அப்ப அப்ப ஓரத்தில் விரிசல் விட்டது. வலதுபக்கம் மூடினால் இடதுபக்கம் பிளந்தது. ஒருமுறை, மூட்டத்தில் சாத்தி அவர் ஏறி நின்ற ஏணியே அரை அடி உள்ளே இறங்கியது. கருப்பையா "மதினி!" என்று கத்தினார். "கத்தாதலே, மண்ணக் குடு" என்றார் அவர்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகுதான் புகை அடங்கியது. முத்துராக்கு இறங்கிவந்து தரையில் உட்கார்ந்தார். புருவம் கருகியிருந்தது. நான் பக்கத்தில் போய், எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு பேச்சு தோன்றவில்லை.

அவர் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, இன்னும் உசுரு கெடக்கு. அதுக்குள்ள கருமாதியா?"

கருப்பையாதான் விவரம் சொன்னார். "மதினி இத்தன வருசமா அடுத்தவுக மூட்டத்துல கூலிக்கு நிண்டவுக. சொந்தமாப் போட்ட மொத மூட்டம் இது. பொம்பள என்னத்தப் போடப்போறானு கரி ஏவாரிமாரு எல்லாம் சிரிச்சாக. ஒருத்தரு மட்டும் நல்லா வந்தா அடுத்ததுக்கு வெறகு தாறேன்னு சொல்லியிருக்காரு. கெட்டுப்போச்சுனா மறுபடியும் கூலிதான். இன்னொண்ணு இங்க போடவும் முடியாது. எடத்த வித்தாச்சு. அடுத்த திங்கக்கெழம ஜேசிபி வருது. ஞாயித்துக்கெழமைக்குள்ள பிரிச்சு அள்ளிரணும்."

"பொழைச்சுருச்சா?" என்று கேட்டேன்.

"பிரிச்சாத்தான் தெரியும்" என்றார் முத்துராக்கு. பிறகு கேமராவைக் காட்டிச் சொன்னார்: "பிரிக்கிற வரைக்கும் அந்தப் பொட்டி வெளிய வரக்கூடாது."

வராது என்று சத்தியம் செய்தேன்.

திருச்சுழி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா எப்படி ஆனது என்று கேட்டார். சொன்னதும் கை ஒருகணம் நின்றது. "மூட்டத்துல விழுந்தவுகள நானும் பாத்திருக்கேன். நடந்து வந்தது நீங்க மட்டுந்தான்" என்றார். வலியை விட அந்தப் பேச்சுதான் என்னை அன்று தூங்கவிடவில்லை.

நான் செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். போகவில்லை. தினமும் காலையில் சீனிவாசன் ஆட்டோவில் மில்லுக்குப் போய், பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தேன், இந்தமுறை முன்கேட் வழியாக. என்னால் முடிந்தது தண்ணீர் சுமப்பது. கால் வலித்தால் மண் குழைப்பேன். முத்துராக்கு என்னிடம் பேசவில்லை. மதியம் கம்மங்கூழைக் கரைத்து, மோர்மிளகாயோடு ஒரு சட்டியை என் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டால்கூட "சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை வரும். இங்கே வார்த்தை வரவில்லை, கூழ் வந்தது.

புகையைப் படிக்கக் கருப்பையா சொல்லிக்கொடுத்தார். வெள்ளையாக வந்தால் வெந்துகொண்டிருக்கிறது. நீலமாக மாறினால் வெந்துவிட்டது, துவாரத்தை எல்லாம் அடைத்து ஆறவிட வேண்டும். மூட்டம் ஒரே சீராகக் கீழே இறங்க வேண்டும், ஒருபக்கம் மட்டும் இறங்கினால் அங்கே சாம்பல். புதன்கிழமை காலை நான் போனபோது, நான் உடைத்த பக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தது. மற்ற பக்கமெல்லாம் நாலு விரல்கூட இல்லை.

முத்துராக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மண்ணில் புறங்கையை வைத்துப் பார்த்தார். போய் ஒரு கூடை மண்ணை எடுத்துவந்து அந்தப் பள்ளத்தில் அப்பினார். மத்தியானத்துக்குள் மறுபடியும் இரண்டு விரல் இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் நிற்குமா என்ன? ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படி ஒரு வாரம் எந்தக் கட்டிடத்தையும் நான் பார்த்ததில்லை. எதிரே ஜின் மெஷின் வரிசை, அழகான வெயிலில், தினமும் நின்றது. அதன் பக்கம் திரும்பவே தோன்றவில்லை.

வியாழக்கிழமை புகை நீலமானது. எல்லாத் துவாரத்தையும் அடைத்தார்கள். வெள்ளியும் சனியும் வெறும் காத்திருப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் பைக்கில் வந்து, ஜேசிபி நாளை மறுநாள் விடியக்காலையிலேயே வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் தோளில் இருந்த பையைப் பார்த்து, "அளவு எடுத்தாச்சா மேடம்?" என்று வேறு கேட்டார்.

ஞாயிறு காலை பிரித்தார்கள். எதிர்ப்பக்கம்தான் முதலில். மண்ணை வாரியால் இழுக்க இழுக்க, உள்ளே கறுகறுவென்று கரி. ஒன்றோடு ஒன்று மோதினால் ஓட்டுத்துண்டு போலக் கணீரென்றது. கருப்பையா சிரித்தார், முத்துராக்கு சிரிக்கவில்லை. மெல்ல நான் உடைத்த பக்கத்துக்கு வந்தார். மேல்மண்ணை விலக்கியதும் வெள்ளைச் சாம்பல் பறந்தது. ஒரு கூடை சாம்பல். இரண்டாவது கூடையும் சாம்பல். வாரி இன்னும் கொஞ்சம் உள்ளே போய், எதிலோ மாட்டியது.

அவர் குனிந்து அதைக் கையால் எடுத்தார். என் செருப்பு. சுருங்கிச் சின்னப்பிள்ளைச் செருப்பு அளவுக்கு ஆகியிருந்தது. முழுக்கக் கறுப்பு. ஆனால் வார் வாராக இருந்தது. பக்கிள் போட்ட இடத்தில் பக்கிள் இருந்தது. தையல் போட்ட துளைகள்கூட வரிசையாகத் தெரிந்தன. முத்துராக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுண்டினார்.

"காத்து புகுந்திருந்தா இது இப்பிடியா கெடக்கும்? ஊதுனாப் பறந்திருக்கும்" என்றார். பிறகு கருப்பையாவைப் பார்த்து, "கீழ எல்லாம் கரிதாம்ல. ரெண்டு கூடையோட போச்சு" என்றார். சொல்லிவிட்டு அந்தச் சூட்டு மண்ணிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன். ஆட்டோவில் சாய்ந்து நின்ற சீனிவாசன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் எழுந்தபோது முகமெல்லாம் கரி, கையில் செருப்பு, பின்னால் மெஷின் வரிசை, காலை வெயில். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, ஒரு ஆளைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. மூட்டம் பிரித்தாயிற்று, சத்தியமும் முடிந்தது. பையைத் திறந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

"நகரும்மா" என்றார் முத்துராக்கு. "லாரி வாரதுக்குள்ள அள்ளணும். அங்கன நிண்டா எப்பிடி அள்ளுறது?"

கேமராவை ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு ஒரு கூடையை எடுத்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை அள்ளினோம். செருப்பை அவர் தரவில்லை. அடுத்த மூட்டத்துக்கு ராசியாக இருக்கும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் நான் பஸ் ஏறும் நேரத்துக்கு அங்கே மில் இருந்திருக்காது.

சிங்கப்பூருக்குப் பத்தொன்பது படம் அனுப்பினேன். பட்டியலில் இருந்த ஜின்னிங் மில் எங்கே, நீங்கள் அங்கேதானே ஒரு வாரம் இருந்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். எடுக்க முடியவில்லை, குறுக்கே ஒரு ஆள் நின்றுவிட்டது என்று பதில் போட்டேன். யார் அந்த ஆள், நகரச் சொல்லியிருக்கலாமே என்று மறுபடியும் கேட்டார்கள்.

அந்த ஆள் நான்தான், நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன் என்று எழுதினேன்.